மறுமொழி: தூக்கிக்கொண்டு போகும் செயற்கைக்கோள் இணையக் கருவிக்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம். ஊர் சுற்றிவிட்டு வருவதற்குள் இழை நீண்டுவிட்டது. செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் மினி போன்ற கருவிக்கு நம் கையேட்டில் என்ன தமிழ்ப் பெயர் போடலாம் என்பதுதானே கேள்வி? நீங்கள் சொன்ன பெயர்களுக்கு ஒவ்வொன்றாக வருகிறேன்.

> கையடக்கச் செயற்கைக்கோள் முனையம்

ஸ்டார்லிங்க் மினியே ஒரு கிலோவுக்கு மேல். அதைக் கையடக்கம் என்றால் தூக்கி வந்த என் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டார். முனையம் என்றதும் பேருந்து நிலையம்தான் நினைவுக்கு வருகிறது. 'விண்முனையம்' என்று சுருக்கினாலோ, ராக்கெட் ஏறப் போவது போல இருக்கிறது.

> இடம்பெயர் அலைவாங்கி

இலங்கை நண்பர்கள் காதில் இது எப்படி விழும்? இடம்பெயர்ந்தவர்கள் என்றால் அங்கே போரில் வீடு இழந்தவர்கள். கூடாரச் சுற்றுலாவுக்கு அந்தச் சொல் வேண்டாமே. 'வாங்கி'யும் சரியில்லை. டிடிஎச் டிஷ் வாங்குவதோடு சரி. இது அனுப்பவும் செய்கிறது.

> டிஷ் என்றே எல்லாரும் சொல்கிறார்களே, விட்டுவிடலாம்

இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. போன மாதம் ஆஸ்திரேலியாவில் நல்லார்பார் சமவெளியைக் கடக்கும்போது பட்ட பாடு அது. நார்ஸ்மன் என்ற ஊர்ப் பக்கம் முதல் இரவு, தைலமரத்தடியில் மினியை வைத்தேன். வீட்டு டிஷ் நினைப்பில், ஒரு திசையில் வானம் தெரிந்தால் போதும் என்று எண்ணிவிட்டேன். டிடிஎச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நம் கண்ணுக்கு நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு முறை திருப்பி வைத்தால் போதும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களோ சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருப்பவை. ஒன்று போனதும் இன்னொன்றைப் பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு கிளை வந்தால் அந்த நொடி இணைப்பு போச்சு. வீட்டுக்குப் பேசினால் பாதி வாக்கியம்தான் போய்ச் சேர்ந்தது. மறுநாள் மரமே இல்லாத வெளியில் (நல்லார்பார் என்ற பெயருக்கே லத்தீனில் அதுதான் பொருள்) தரையில் வைத்ததும் சிக்கலில்லை. கார் பேட்டரிதான் கவலை: 30 வாட் போல இழுக்கிறது, இரவெல்லாம் விட்டுவைக்க முடியாது.

குழிந்த தட்டும் இதில் இல்லை. தட்டையான பலகைக்குள் வரிசையாகச் சிறு அலைக்கம்பிகள் (ஆன்டெனா). பலகை அசையாமல் கிடக்க, மின்னணு முறையில் அலை போகும் திசை மட்டும் திரும்புகிறது. அதனால் என் முன்மொழிவு விண்பலகை. விசைப்பலகை ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் 'பலகை' உறுத்தாது. செயற்கைக்கோளிலிருந்து 'கோள்பலகை' என்றும் யோசித்தேன். கோள் மூட்டும் பலகை என்று யாராவது கிண்டல் செய்வார்கள், விட்டுவிட்டேன்.

கொண்டுபோய் நிறுத்தி வைப்பது 'பயண விண்பலகை'. வண்டி ஓடும்போதே வேலை செய்வதற்கு மட்டும் 'நடமாடும் விண்பலகை' என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கலந்தால் கையேடு படிப்பவர் குழம்புவார்.

அப்புறம் இன்னொன்று. கையேட்டு வரைவில் மரம் மறைப்பதற்கும் இணைப்பு அறுவதற்கும் 'தடங்கல்' என்றே போட்டிருக்கிறோம். முன்னது காரணம், பின்னது விளைவு. மரம், பாறை, கூடாரக் கூரை எல்லாம் 'மறைப்பு'. அதனால் அறுந்தால் 'தடங்கல்'. பேட்டரி தீர்ந்தாலும் தடங்கல்தான், ஆனால் அங்கே மறைப்பு இல்லை. மறுப்பு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வரைவில் மாற்றிவிடுகிறேன்.