செல்லுக்குள்ள எலும்புக்கூடா? மகளுக்கு எப்படிச் சொல்ல?

தக்கலை அம்மா:
மக பதினொண்ணு படிக்கா. செல்லுக்குள்ள புரத இழையால ஒரு சட்டகம் உண்டாம். "எலும்பு மாதிரி அசையாம நிக்குமா?"ன்னு கேக்கா. நான் காமர்ஸ் படிச்சவ. ஆராவது சொல்லுங்க.

குளச்சல்காரன்:
அசையாதுன்னு நினைச்சா தப்பு, அக்கா. எங்கம்மா முற்றத்துல ராட்டுல கயிறு திரிச்சவ. ரெண்டு புரி முறுக்கிக் கிடக்கும்லா, அந்தச் சட்டகத்துல உள்ள ஆக்டின்ங்கிற புரத இழை அப்படித்தான். தடிமன் 7 நானோமீட்டர். நுண்குழல் வேற ஜாதி. டியூபுலின்ங்கிற புரத மணிகள் பெரும்பாலும் 13 வரிசையா நின்ன குழாய், 25 நானோமீட்டர். வளந்துக்கிட்டே இருக்கும், சட்டுனு உதிரும், திரும்பவும் வளரும். இன்னொரு வகை இடை இழை, தடிமன் சுமார் 10 நானோமீட்டர். முடியில உள்ள கெரட்டின் புரதமும் இந்த வகைதான்.

மார்த்தாண்டம் மருந்துக்கடை:
வேலியில செங்காந்தள் பூக்கும்லா? அதுல உள்ள கோல்சிசின்ங்கிற விஷப்பொருள் டியூபுலினைப் பிடிச்சுக்கிடும், நுண்குழல் வளராது. மரபுச் செய்தி இருக்கிய குரோமோசோமை இழுக்க இழை இல்லாம செல் பிரியாம நின்னுரும். கவுட்ங்கிற மூட்டுவாத வலிக்கு நாங்க குடுக்கிய மாத்திரையும் அதுதான், டாக்டர் சீட்டு இருந்தா மட்டும். கிழங்கு கொடும் விஷம், பிள்ளைய தொட விடாதீங்க.

தக்கலை அம்மா:
கயிறுன்னதும் பிடிகிட்டிட்டு. இப்ப வேலிப்பக்கம் போய் நிக்கா, கையைக் கட்டிக்கிட்டுதான்!