புதுப்பிப்பு: நொண்டிய கினிப்பிக்

எங்கள் வீட்டில் வளரும் கினிப்பிக் (கினி எலி) 'பொரி' பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கிறது, எங்காவது விழுந்திருக்குமோ என்று போன வாரம் கேட்டிருந்தேனே, விழவில்லை. வைட்டமின் சி குறைவாம். நம்மைப் போலவே கினிப்பிக் உடம்பும் அதைத் தானாகத் தயாரிக்காது. கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். நான் போட்டதோ பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய உதிரித் தீவனம், எந்தக் காலத்தில் பிரித்ததோ. அதையும் கோலாலம்பூர் செந்தூல் வெயிலில் பால்கனியில் வைத்திருந்தேன், சத்து எப்படி மிஞ்சும்? டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். அப்புறம் தினமும் ஒரு துண்டு குடைமிளகாய். ஆறாம் நாள் காலை, ஐஸ்பெட்டிக் கதவு திறந்த சத்தத்துக்கே 'வீக் வீக்' என்று கத்திக்கொண்டு, முன்கால் இரண்டையும் கம்பியில் ஊன்றி நின்றது. லேசான நொண்டல் இன்னும் இருக்கிறது. மிளகாயா என்று பதறிய அக்காவுக்கு: இது காரமில்லாதது, பயப்படாமல் கொடுங்கள்.