மேனுவல் தெரபி (கையால் செய்யும் மூட்டு சிகிச்சை): முதலில் எந்தப் பயிற்சி? (மண்டபம் வட்டாரம்)

மண்டபம்_பிசியோ:

வணக்கம். மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் சின்ன கிளினிக். வருகிறவர்களில் பாதிக்கு மேல் இடுப்பு வலிதான்: வலை இழுப்பவர்கள், ஐஸ் பெட்டி தூக்குபவர்கள். அடுத்தது சர்க்கரைக்காரர்களின் ஃப்ரோசன் ஷோல்டர் (தோள் மூட்டு இறுகிப்போவது). பாசி எடுக்கப் போகும் பெண்கள் பாறையில் கால் பிரண்டு, மாதக்கணக்கில் கணுக்கால் மடங்காமல் வருகிறார்கள். பி.பி.டி.யில் (பிசியோதெரபி பட்டப்படிப்பு) படித்த மொபிலைசேஷன் (மூட்டைக் கையால் அசைப்பது) நோட்டில் இருக்கிறது, கையில் இல்லை.

ஏப்ரல் 15-க்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை விசைப்படகுக்காரர்கள் ஒழுங்காக வருவார்கள். அது தொடங்குவதற்குள் ஒரு பயிற்சி முடிக்க வேண்டும். மல்லிகன், மெயிட்லண்ட், மெக்கன்சி என்ற மூன்று சிகிச்சை முறைகளில் எது முதலில்? "5 நாளில் எல்லா டெக்னிக்கும்" என்று வரும் விளம்பரங்களை நம்பலாமா? திரும்பி வந்தபின் கையைத் திருத்த இங்கே ஆள் இல்லை, அதற்கு என்ன வழி?

கை_நுணுக்கம்:

5 நாளில் எல்லாம் என்பது சந்தையில் கூறு கட்டி விற்பது மாதிரி. கை பழகுவதற்குள் அடுத்த டெக்னிக் வந்துவிடும். பணம் கட்டுமுன் போனில் கேளுங்கள்: ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர், ஒரு டேபிளுக்கு எத்தனை பேர், ஒரு நாளில் நோயாளி மாதிரி படுத்தும் செய்தும் பழகும் நேரம் எவ்வளவு, கடைசியில் செய்முறைத் தேர்வு உண்டா. டேபிளுக்கு இரண்டு பேருக்கு மேல் என்றால் பாதி நேரம் வேடிக்கைதான் பார்ப்பீர்கள். ஸ்லைடு ஓட்டும் நேரம் பாதிக்கு மேல் என்றால் போட் மெயில் ரயில் டிக்கெட் காசு வீண்.

என் ஓட்டு மல்லிகனுக்கு. நியூசிலாந்தின் பிரையன் மல்லிகன் வைத்த விதி புதிதாகக் கற்பவருக்குக் காவல் மாதிரி: கிளைடு கொடுத்தபடி (மூட்டெலும்பை வழுக்கினாற்போல் தள்ளிப் பிடித்தபடி) நோயாளி அசையும்போது வலி இருக்கவே கூடாது, பலன் உடனே தெரிய வேண்டும், எழுந்து போனபின்னும் நிற்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றால் இடம் தப்பு, அல்லது திசை தப்பு, அல்லது அவருக்கு இந்த டெக்னிக்கே பொருந்தாது. கை தப்பா சரியா என்பதை நோயாளியின் முகமே சொல்லிவிடும்.

இடுப்பு ஸ்நாக்கையே (முதுகெலும்பைத் தள்ளிப் பிடித்தபடி நோயாளியை அசையச் சொல்வது) எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி டேபிள் ஓரத்தில் உட்காருகிறார். பெல்ட் அவருடைய அடிவயிற்றில், இடுப்பு எலும்பின் முன்முனைக்குக் கீழே. மறுபக்கம் உங்கள் இடுப்பைச் சுற்றி. சுண்டுவிரல் பக்க உள்ளங்கை விளிம்பை ஸ்பைனஸ் பிராசஸுக்கு (முதுகெலும்பின் பின்முனை) அடியில் வைத்து, தலையை நோக்கி மேலே தள்ள வேண்டும். முக்கால்வாசிப் பேர் வயிற்றை நோக்கி நேரே அழுத்துவார்கள். ஃபேசட் மூட்டின் (முதுகெலும்புகளுக்கு இடையிலான சிறு மூட்டு) தளம் அப்படி இல்லை, அதனால் வலிக்கும். அடுத்த தப்பு, குனிந்தவர் நிமிர்ந்து முடிப்பதற்குள் கையை எடுத்துவிடுவது. முதல் நாள் மூன்று தடவை போதும். நன்றாக இருக்கிறதே என்று பத்து செய்தால் மறுநாள் வலியோடு வருவார்.

பாக்_நீரிணை:

இடுப்பு வலிதான் பாதிக்கு மேல் என்றால் நான் மெக்கன்சியைத்தான் முதலில் சொல்வேன். வாரத்தில் மூன்று நாள் கடலில் இருப்பவருக்கு உங்கள் கை எத்தனை முறை கிடைக்கும்? ராபின் மெக்கன்சியின் முறையில் 'ஏ' பகுதி முழுக்க இடுப்புதான், 'பி' கழுத்தும் மேல்முதுகும். திரும்பத் திரும்ப ஒரே திசையில் அசைத்து, வலி காலிலிருந்து மேலேறி முதுகின் நடுவுக்கு வருகிறதா, இல்லை இன்னும் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் அடிப்படை. இறங்கினால் அந்தத் திசையை அங்கேயே நிறுத்துங்கள்.

குப்புறப் படுத்து உள்ளங்கை ஊன்றி எழும்பும் பயிற்சி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 10 தடவை. பிட்டத்தை இறுக்குவதும், முழங்கையை முழுசாக நீட்டாமல் விடுவதும் வழக்கமான தவறுகள். உச்சியில் மூச்சை விட்டு இடுப்பைத் தொய்யவிடச் சொல்லுங்கள். படகில் படுக்க இடமிருக்காது. கேபின் சுவரில் பிட்டத்தைச் சாய்த்து, கையை இடுப்பில் வைத்துப் பின்னால் வளையலாம். ஆடுகிற தளத்தில் பிடிமானம் இல்லாமல் செய்யச் சொல்லிவிடாதீர்கள்.

நோயாளி தானாகச் செய்வதில் பலன் நின்றுபோன இடத்தில்தான் தெரபிஸ்டின் கை. முதலில் மேலழுத்தம், பிறகு மொபிலைசேஷன். தொடையிடுக்கு மரத்தது, சிறுநீர் வரவில்லை அல்லது அடங்கவில்லை என்றால் எந்த முறையும் இல்லை, உடனே ஆஸ்பத்திரி.

மண்டபம்_பிசியோ:

இரண்டு பேருக்கும் நன்றி. வீடியோ பார்த்துக் கணுக்காலுக்கு எம்.டபிள்யூ.எம். (நோயாளி அசையும்போதே மூட்டைத் தள்ளும் மல்லிகன் முறை) செய்தால் மூட்டின் முன்பக்கம் கிள்ளுகிறது என்கிறார்கள், பெல்ட்டும் மேலே ஏறுகிறது. எங்கே தப்பு?

பெல்ட்_பக்கிள்:

பெரும்பாலும் கை டேலஸில் (கணுக்கால் எலும்பு) இல்லாமல் டிபியாவின் (கீழ்க்காலின் பெரிய எலும்பு) மேல் இருக்கும். அப்போது நீங்கள் பின்னுக்குத் தள்ளுவதும் பெல்ட் முன்னுக்கு இழுப்பதும் ஒரே எலும்பைத்தான். நோயாளி பாதத்தைத் தாழ்வான ஸ்டூலில் வைக்கட்டும். இரண்டு கையின் கட்டைவிரல் இடுக்கையும் டேலஸின் முன்னால், கணுக்கால் முண்டுகளுக்குச் சற்றுக் கீழே ஒட்டி வையுங்கள். மேலே ஓடும் தசைநாரை நசுக்கினாலும் இதே கிள்ளல் வரும். பெல்ட் குதிநரம்புக்குப் பின்னால், முண்டுகளுக்குச் சற்று மேலே, நடுவில் ஒரு ஸ்பாஞ்ச். உங்கள் இடுப்பைப் பின்னால் சாய்த்தால் டிபியா முன்னே வரும்.

நோயாளி முழங்காலை முன்னே தள்ளத் தள்ள டிபியா சாய்கிறது. பெல்ட் எப்போதும் அதற்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், ஆகவே நீங்களும் கூடவே இடம் மாற வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றால் இழுப்பின் கோணம் மாறிப் பெல்ட் ஏறிவிடும். குதிகால் எழும்பக் கூடாது. 10 தடவை, மூன்று செட். எப்படி மாற்றினாலும் கிள்ளல் போகவில்லையென்றால் முன்பக்கம் எலும்பு முளைத்திருக்கிறதா என்று எக்ஸ்ரே பாருங்கள்.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சுவரில் முழங்கால் தொடும் தூரத்தை அளந்து எழுதுங்கள். அரை சென்டிமீட்டர் கூடினால் முன்னேற்றம் என்று போடாதீர்கள், அது அளவுப் பிழைக்குள் அடங்கிவிடும்.

சங்குமால்:

ஒன்றை யாரும் சொல்லவில்லை. கீழக்கரை பக்கம் கம்ப்ரசர் காற்றில் சங்கு குளிக்கிறவர்கள் உங்களிடமும் தோள் வலி என்று வருவார்கள். தோள், முழங்கை வலிக்கு முதல் கேள்வி: கடைசியாக எப்போது குளித்தீர்கள், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம்? மேலே வந்து சில மணி நேரத்தில், அல்லது ஒரு நாளுக்குள், ஆழமான மந்த வலி தொடங்கி, மூட்டை எப்படி அசைத்தாலும் பெரிதாக மாறவில்லையென்றால் அது ரத்தத்தில், திசுவில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழாவதால் வருவது. கூடவே மரமரப்பு, தோல் தடிப்பு, கால் பலவீனம், தலைசுற்றல், சிறுநீர்த் தடை இருந்தால் இன்னும் அவசரம். மொபிலைசேஷன் வேண்டாம், ஒத்தடம் வேண்டாம். படுக்க வைத்து 100 சதவீத ஆக்சிஜன் கிடைக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். முழு வைத்தியம் அழுத்த அறையில்தான்.

பல வருடம் கம்ப்ரசரில் குளித்தவருக்குத் தோள் பந்து, தொடை எலும்பின் பந்து இரண்டிலும் எலும்பு செத்துப்போக வாய்ப்பு உண்டு. ராத்திரி வலியும் அசைவுக் குறைவும் சேர்ந்து இருந்தால் ஃப்ரோசன் ஷோல்டர் என்று நாமே முடிவு கட்டி கிரேடு 4 (அசைவின் எல்லையில் வைத்து மூட்டை ஆட்டுவது) போடக் கூடாது. படம் முதலில். மூச்சடக்கி முங்கிப் பாசி எடுப்பவர்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவாகப் பொருந்தாது, அவர்கள் அழுத்தக் காற்றை இழுப்பதில்லை.

கை_நுணுக்கம்:

சங்குமால் சொன்னதை அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம்.

ஃப்ரோசன் ஷோல்டருக்கு வருகிறேன். மூட்டெலும்பின் முனை குவிந்தது, குழிந்தது என்று மனப்பாடம் செய்த விதிப்படி வெளித்திருப்பலுக்கு (கையை வெளிப்பக்கம் திருப்புவது) முன்புற கிளைடு என்போம். 2007-ல் வந்த ஒரு ஆய்வில் பின்புற கிளைடு கொடுத்தவர்களுக்கு ஆறு அமர்வில் சராசரியாக 31 டிகிரி கூடியது, முன்புற கிளைடுக்கு 3 டிகிரிதான். 20 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு என்பது நினைவிருக்கட்டும். ஆனால் அளந்து பார்க்காமல் விதியை மட்டும் பிடித்துத் தொங்க வேண்டாம் என்பதற்கு அது போதும். கை போகும் எல்லையில் வைத்து, லேசாக இழுத்து, தோள் பந்தைப் பின்னால் தள்ளி ஒரு நிமிடமாவது பிடியுங்கள். விட்டு விட்டு மொத்தம் 15 நிமிடம். இது விறைப்பு மேலோங்கிய கட்டத்துக்கு. தூக்கம் கெடும் அளவு வலிக்கிற ஆரம்பக் கட்டத்தில் கிரேடு 1, 2 (எல்லைக்குப் போகாத லேசான ஆட்டம்) தாண்டாதீர்கள்.

கை பழக ஆள் தேவையில்லை, எடை பார்க்கும் மிஷின் போதும். டேபிள் மேல் வைத்து, கண்ணை மூடி 3 கிலோ, 5 கிலோ, 10 கிலோ என்று அழுத்தி, பிறகு முள்ளைப் பாருங்கள். ஒரே எடை பத்துக்கு எட்டு முறை வரும்வரை தினமும் பத்து நிமிடம். மூட்டை ஆட்டும் வேகத்துக்கு போனில் மெட்ரோனோமை 120-ல் வையுங்கள், நொடிக்கு இரண்டு. கட்டைவிரலால் அழுத்திப் பழகாதீர்கள், சில வருடத்தில் அதன் அடிமூட்டு போய்விடும். முழங்கையை நீட்டி, உள்ளங்கை விளிம்பால், உடம்பின் எடையால். டேபிள் உயரம் உங்கள் தொடை நடுவுக்கு.

எல்லாவற்றுக்கும் முன்னால் தொட்டுக் கண்டுபிடிப்பது. இடுப்பு எலும்பின் உச்சிகளைச் சேர்க்கும் கோடு எல் 4 (இடுப்புப் பகுதியின் நான்காவது முதுகெலும்பு) என்று படித்திருப்போம், ஒரு எலும்பு மேலேயோ கீழேயோ தப்புவது சகஜம். ராமநாதபுரத்தில் இன்னொரு பிசியோவோடு மாதம் ஒருநாள் உட்கார்ந்து, ஒருவர் மை வைத்து அழித்தபின் அடுத்தவர் வைத்து ஒப்பிடுங்கள்.

மண்டபம்_பிசியோ:

அப்படியென்றால் தடைக்காலத்துக்கு முன் மெக்கன்சி 'ஏ', மழைக்காலத்தில் மல்லிகன் என்று வைத்துக்கொள்கிறேன். பெல்ட்டை இங்கேயே தைத்துக்கொள்ளலாமா?

பெல்ட்_பக்கிள்:

தாராளமாக. கார் சீட் பெல்ட் துணி, 5 சென்டிமீட்டர் அகலம். உயரமானவர் இடுப்பையும் உங்கள் இடுப்பையும் சேர்த்துச் சுற்றி, இழுத்துப் பிடிக்க ஒரு முழம் மிஞ்சட்டும். ஓரத்தை நெருப்பில் காட்டி உருக்குங்கள், பக்கிள் அருகே பெட்டித் தையல் இரண்டு சுற்று. இரும்பு பக்கிள் மட்டும் வேண்டாம். மண்டபத்து உப்புக் காற்றில் துரு பிடித்து, இழுக்கும்போது பல் நழுவும்.