ஸ்கிரீன் பிரிண்ட் கண்காட்சி: எதைப் பார்த்து வாங்குவது?

ஈரமை:
சனிக்கிழமை அடையாறில் ஓவியர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் இல்லஸ்ட்ரேஷன், ஸ்கிரீன் பிரிண்ட் கண்காட்சிக்குப் போகிறேன். ஏ3 அளவில் ஒன்று வாங்க எண்ணம். பட்ஜெட் 3,000 ரூபாய். கையால் அடித்ததா, டிஜிட்டல் பிரிண்டா என்று பார்த்தே சொல்ல முடியுமா? மூலையில் பென்சிலில் 12/50 என்று எழுதுகிறார்களே, சின்ன எண் என்றால் நல்லதா? பஸ்ஸில் எப்படிப் பத்திரமாகக் கொண்டுவருவது?

மெஷ்120:
நகைக்கடையில வெச்சிருக்கற பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. ஒரே நிறமாத் தெரியற இடத்தைப் பாருங்க. இங்க்ஜெட்னா பச்சைக்குள்ள நீலமும் மஞ்சளும் பொடிப்புள்ளியாச் சிதறிக் கிடக்கும். பத்திரிகை அடிக்கற ஆஃப்செட்ல புள்ளிங்க ஒழுங்கா வட்டம் கட்டி நிக்கும். ஸ்கிரீன்ங்கறது சட்டத்துல இழுத்துக் கட்டின வலை, அது வழியா மையைத் தாள்ல தள்ளுவாங்க. அதுல பச்சைங்கறது பச்சையாவே கலக்கின மை, புள்ளியே இருக்காது. ஹாஃப்டோன், அதாவது நிழல் காட்டப் படத்தைப் புள்ளியா உடைக்கறது, போட்டிருந்தா புள்ளி வரும். ஆனா பெருசா, ஒவ்வொண்ணும் ஒரே நிறமா இருக்கும்.

அடுத்தது ரெண்டு நிறம் சேர்ற இடம். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன்; ஒண்ணு காய்ஞ்சப்புறம்தான் அடுத்தது. மஞ்சள் மேல கொஞ்சம் ஒளி விடற நீலத்தை அடிச்சா பச்சை தானா வரும். நல்ல ஓவியர் வரையும்போதே இதைக் கணக்குப் பண்ணி, மூணு ஸ்கிரீன்ல அஞ்சாறு நிறம் காட்டுவார். அந்தப் படங்ககிட்ட நிதானமா நில்லுங்க, இந்தக் கலையோட உயிரே அதுதான். ஓரத்துல ஒரு நிறம் இன்னொண்ணு மேல அரை மில்லிமீட்டர் ஏறி அடர்த்தியாத் தெரிஞ்சா தப்பில்ல, வேணும்னே அப்படி பாசிட்டிவ் (ஸ்கிரீன்ல படத்தை ஏத்தற ஃபிலிம்) எடுப்பாங்க. நடுவுல வெள்ளைக் கோடு விட்டிருந்தா ரெஜிஸ்டர், அதாவது நிறங்களோட பொருத்தம், நகர்ந்திருக்கு. ரெண்டு நிறத்துக்கு நடுவுல தாள் ஈரம் குடிச்சு விரிஞ்சாலும் இப்படி ஆகும்.

தாள்வாசம்:
12/50 என்றால் 50 பிரதிகளில் 12 என்று எண்ணிட்டது. அடித்த வரிசைதான் அது என்று சொல்ல முடியாது. சின்ன எண் உயர்ந்தது என்பது, ஊசியால் தகட்டில் கீறி அச்சிடும் ட்ரைபாயிண்டுக்குப் பொருந்தும். அதில் செம்புத் தகட்டின் பிசிறு ஒவ்வொரு அழுத்தத்திலும் தேய்கிறது. 50 பிரதிக்கு ஸ்கிரீனின் பாலியஸ்டர் வலை (மெஷ்) தேயாது.

நீர் மை விஷயத்தில் வேறொரு தொல்லை உண்டு. சென்னைச் சூட்டில் மை மெஷ் கண்ணிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும், மெல்லிய கோடுகள் அறுந்துபோகும். ஆகவே அதே படத்தின் இரண்டு மூன்று பிரதிகளைக் கேட்டு வாங்கி இலை நரம்பு, தலைமுடி போன்ற இடங்களை ஒப்பிடுங்கள். வெற்றுத்தாளில் ஊசிமுனைப் புள்ளி இருந்தால் ஸ்கிரீனில் மை போகக்கூடாத இடத்தை அடைக்கும் எமல்ஷன் பூச்சில் ஓட்டை விழுந்திருக்கிறது. 'ஏ.பி.' (ஆர்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) என்பது ஓவியர் தனக்கென ஒதுக்கியது. எண்ணே இல்லையென்றால் எத்தனை பிரதி வேண்டுமானாலும் அடிக்கலாம். விலையும் குறைவாக இருக்கவேண்டும்.

அப்படியே திருவான்மியூரில் தாரா புக்ஸ் பதிப்பகத்தின் புக் பில்டிங்குக்கும் போய்வாருங்கள், திறந்திருக்கும் நேரத்தை முன்பே கேட்டுக்கொண்டு. கைத்தாளில் ஸ்கிரீனில் அடித்துக் கையால் தைத்த புத்தகங்களைப் பார்த்தபின் கண்ணுக்கு ஒரு அளவுகோல் கிடைக்கும்.

ஈரமை:
லென்ஸைத் தாள் மேலேயே வைக்கலாமா?

மெஷ்120:
வேண்டாம். கேட்டுட்டு, தொடாம ஒரு அங்குலம் மேல பிடிங்க. விரல் எண்ணெய் பட்டா மேட் மையில பளபளன்னு தடம் விழும், போகாது.

சட்டம்கட்டி:
கொண்டுவருவது பற்றி: ஏ3-ஐச் சுருட்டவேண்டாம், மை கனமாக ஏறிய இடம் வெடிக்கலாம். படத்தைவிடச் சுற்றிலும் 3 செ.மீ. பெரிதாக இரண்டு கெட்டி அட்டைகள். படத்தின்மேல் கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய தாள். வெறும் பிளாஸ்டிக் உறை வெயிலில் அக்ரிலிக் மையோடு ஒட்டிக்கொள்ளும். தாள் எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்றும் கேளுங்கள். 250க்கு மேல் இருந்தால் நல்லது. மெல்லிய தாளில் நீர் மை ஏறினால் நெளிந்துவிடும்.

ஃபிரேம் கடையில் கேட்காமலே ஹார்ட்போர்டில் பசை தடவி ஒட்டிவிடுவார்கள். பிரிண்டுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. அமிலமில்லாத மவுண்ட் (படத்தைப் பொருத்தும் அட்டை) கேளுங்கள். படத்தை அதில் ஒட்ட மேல் ஓரத்தில் இரண்டே இடத்தில் ஜப்பானியத் தாள் கீற்று, கோதுமை ஸ்டார்ச் பசை. செலோடேப் கூடாது, மஞ்சள் கறை விடும். கண்ணாடி மையைத் தொடக்கூடாது, தொட்டால் மழைக்காலத்தில் ஒட்டும். ஃப்ளோரசன்ட் நிறம் இருந்தால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். முதலில் வெளுப்பது அதுதான்.