திரும்பு நடை: சிங்கம்புணரியிலிருந்து காரைக்குடி, கடைசி 45 கிலோமீட்டர்

செம்மண் சாலை எழுதியது:

பழநிக்குப் போற நடையைப் பத்திச் சொல்ல ஆள் நிறைய இருக்காங்க. திரும்பு நடையைப் பத்திப் பேசறவங்க குறைவு. செட்டிநாட்டுப் பக்கம் போன வழியே நடந்து ஊர் சேருகிறவங்க இன்னும் உண்டு. அவங்களுக்காகத்தான் இந்த இழை. நடந்து தெரிஞ்சவங்களும், நடக்கிறவங்க காலைப் பார்த்துத் தெரிஞ்சவங்களும் விவரமா எழுதுங்க.

போகும்போது வழி நெடுக பந்தல், அன்னதானம், மருத்துவ முகாம், கூட்டம். தைப்பூசம் முடிஞ்சு திரும்பும்போது பந்தலைப் பிரிச்சிருப்பாங்க. வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். கூட நடக்கிறது பத்துப் பேரோ இருபது பேரோதான். ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், நத்தம், சமுத்திராபட்டி, கொட்டாம்பட்டி எல்லாம் தாண்டி சிங்கம்புணரியில கால் வச்சதும் "ஊர் வந்தாச்சு"ங்கிற நினைப்பு வந்துடும். காரைக்குடிக்கு அங்கேருந்து இன்னும் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் இருக்கு. அத்தனை நாள் தாங்கின கால் இந்த 45-லதான் கெடுது.

காரணம், நாளுக்கு 25 கிலோமீட்டர்னு ஒழுங்கா வந்தவங்க இதை மட்டும் ஒரே மூச்சுல முடிக்கப் பார்ப்பாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. களைச்ச கால் மணிக்கு 4 கிலோமீட்டர் போனா அதிகம். நடை மட்டுமே 11 மணி நேரம். உட்கார்ந்து எழுந்திருக்கிறதைச் சேர்த்தா 14. விடியக்காலம் 3 மணிக்குக் கிளம்பினாலும் காலை 11-லிருந்து மாலை 3 வரைக்குமான வெயில் முழுக்க தலையில விழும். அதனால இதை ரெண்டா உடைச்சுடுங்க. திருப்பத்தூர் கிட்டத்தட்ட பாதி வழி. முதல் நாள் அங்கே தங்கல். மறுநாள் 3 மணிக்கு எழுந்தா விடியும்போது குன்றக்குடி. அங்கே சண்முகநாதரைக் கும்பிட்டு, ஒரு மணி நேரம் காலை நீட்டிட்டு, மிச்சம் 10 கிலோமீட்டரை வெயில் கடுக்கிறதுக்குள்ள முடிச்சுடலாம்.

குன்றக்குடி மலை கண்ணுல பட்ட உடனே எல்லாருக்கும் எட்டு, அதாவது காலடி, நீளும். அங்கேதான் கவனம் வேணும். எட்டு நீண்டா குதிகால் உடம்புக்கு ரொம்ப முன்னாடி போய் இடிக்கும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமா வலி பிடிக்கிறது அதனாலதான். வேகம் வேணும்னா எட்டைச் சின்னதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்க. நிமிஷத்துக்கு 100, 110 எட்டு போதும்.

*

கட்டுத்துணி எழுதியது:

செம்மண் அண்ணே, காலைப் பத்தி நான் சொல்றேன். முகாமுக்கு வர்ற கால்களில் பாதிக்கு மேல ஒரே கதைதான்.

திரும்பு நடையில வர்ற கொப்புளத்துக்குப் பெரிய காரணம் பழநியில வாங்கின புதுச் செருப்பு. வெறுங்காலோட போய், மாலை கழற்றினதும் அடிவாரத்துல ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கிறாங்க. அடிப்பாதத் தோல் அதுக்குள்ள தடிச்சிருக்கும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. வார் படுற இடம் இருக்கே, பெருவிரல் இடுக்கு, புறங்கால், குதிகாலுக்கு மேலே, அந்தத் தோல் இன்னும் மெல்லிசு. 30 கிலோமீட்டர்ல உரிஞ்சுடும். திரும்பும்போது போடுறதுக்குப் பழகின செருப்பை ஊரிலிருந்தே மூட்டையில எடுத்துட்டுப் போங்க. ஷூ போடுறவங்க கால் வீங்கியிருக்கும்கிறதை மனசுல வச்சு கயிற்றைத் தளர்த்திக் கட்டணும். முன்விரலுக்கும் ஷூ நுனிக்கும் நடுவுல கைப் பெருவிரல் அகலம் இடம் வேணும்.

கொப்புளம் வர்றதுக்கு முன்னாடி ஒரு இடத்துல சுருக்குனு சூடு தெரியும். அந்த நிமிஷமே உட்காரணும். "அடுத்த டீக்கடை வரட்டும்"னு நடந்தா, கடை வர்றதுக்குள்ள நீர் கோத்துடும். காலைத் துடைச்சு, ஈரம் முழுக்க காய்ஞ்ச பிறகு பிளாஸ்திரியைச் சுருக்கம் இல்லாம ஒட்டணும். மூலையைக் கத்தரியால வளைச்சு வெட்டி ஒட்டினா உரியாது. ஈரக்காலில் ஒட்டின பிளாஸ்திரி ஒரு கிலோமீட்டர்ல சுருண்டு, அதுவே புதுக் கொப்புளத்தை உண்டாக்கும்.

நீர் கோத்துட்டா: சின்னதா வலியில்லாம இருந்தா தொடாதீங்க. ரத்தக் கொப்புளத்தையும் தொடாதீங்க. பெருசா, கால் ஊன்ற இடத்துல இருந்தா மட்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, பிரிக்காத புது ஊசியால ஓரத்துல, அடிப்பக்கமா, ரெண்டு துளை. பஞ்சால மெதுவா ஒத்தி நீரை எடுக்கணும். மேல்தோலை உரிக்கவே கூடாது, அதுதான் உள்ளே இருக்கிற புண்ணுக்குக் கட்டு. மேலே போவிடோன் அயோடின் களிம்பு, துணி, பிளாஸ்திரி. ஊசியில நூல் கோத்துக் கொப்புளத்துக்குள்ளேயே விட்டு வைக்கிற பழக்கம் இன்னும் போகலை. ரோட்டுப் புழுதியெல்லாம் அந்த நூல் வழியா உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். தயவு செஞ்சு விட்டுடுங்க.

சர்க்கரை நோய் உள்ளவங்களுக்கு இந்தச் சுருக்குங்கிற சூடே தெரியாம போகலாம். அவங்க தங்களை நம்பக் கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட வர்றவங்க டார்ச் அடிச்சு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்க்கணும். கொப்புளம் இருந்தா வழியில துளை போட வேண்டாம், நேரா மருத்துவர்கிட்ட. அவங்க வெறுங்காலோட நடக்கவும் வேண்டாம்.

வலி மாத்திரை விஷயம். தண்ணி வத்தின உடம்புல டைக்ளோபினாக், ஐபுபுரூபன் மாதிரி மாத்திரை போட்டு வெயில்ல நடந்தா சிறுநீரகத்துக்குக் கெடுதல். தாங்க முடியலைன்னா பாரசிட்டமால் போட்டு, அன்னைக்கு நடையை நிறுத்துங்க. வலியை மறைச்சுக்கிட்டு நடக்கிறதுதான் பெரிய காயத்துல கொண்டு விடும்.

*

கண்மாய்க்கரை எழுதியது:

வழியைப் பத்தி ரெண்டு விஷயம். ஒண்ணு, குறுக்குப் பாதை. வரப்பு வழியா, கண்மாய்க் கரை வழியாப் போனா ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் மிச்சம்னு ஊர்க்காரங்க சொல்றது உண்மைதான். நேரம் மட்டும் மிச்சமாகாது. பனியில நனைஞ்ச வரப்பு வழுக்கும். கண்மாய்த் தண்ணி வழியுற கலுங்குல தண்ணி நின்னுபோயிருந்தாலும் பாசி இருக்கும். இருட்டுல அறுப்பு வயல் ஓரம் கண்ணாடிவிரியன் கிடக்கும். விடிஞ்ச பிறகுன்னா சரி, இருட்டுல வேண்டாம்.

எல்லாத்துக்கும் மேல சீமைக்கருவேல முள். ரப்பர் செருப்பை அது துளைச்சுடும். நுனி உள்ளேயே முறிஞ்சு நிக்கும், மேலே பார்த்தா ஒண்ணும் தெரியாது. விரலால தடவினாலும் தட்டுப்படாது. உடம்பு எடை முழுக்க இறங்கும்போது மட்டும் ரப்பர் அமுங்கி நுனி மேலே எட்டிப் பார்த்துக் குத்தும். கல்லுதான் குத்துதுன்னு நினைச்சு நடந்துட்டே இருப்பாங்க. செருப்பைக் கழற்றி, குத்தின இடத்துல ரெண்டு பக்கமும் வளைச்சுப் பிடிச்சா நுனி வெளியே வரும். நகவெட்டியால கவ்வி இழுத்தா வந்துடும். அதுக்காகவே ஒரு நகவெட்டி இடுப்புப் பையில இருக்கட்டும். காலுக்குள்ளேயே முறிஞ்சா தோண்டாதீங்க, மருத்துவமனையில எடுத்துட்டு டெட்டனஸ் தடுப்பூசி போட்டாச்சான்னு பார்த்துக்குங்க.

ரெண்டாவது, தார் ரோடு. எதிரே வர்ற வண்டி கண்ணுல படுற மாதிரி வலது ஓரமா நடக்கணும், வரிசையா, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர். ஒளிரும் பட்டையை முதுகில மட்டும் ஒட்டினா போதாது. வலது ஓரமா நடக்கும்போது வெளிச்சம் முன்னாடியிருந்துதான் வரும். நெஞ்சில ஒண்ணு, ரெண்டு கணுக்காலிலும் ஒவ்வொண்ணு. கணுக்கால் பட்டை மேலும் கீழும் ஆடுறதைப் பார்த்துதான் ஓட்டுறவருக்கு அது மனுஷன்னு சட்டுனு புரியும்.

ரோடு நடுவுல மேடா, ஓரத்துல சரிவா இருக்கும். பல நாள் ஒரே ஓரமா நடந்தா ஒரு கால் எப்பவும் பள்ளத்துல. முழங்காலின் வெளிப்பக்கம் கடுத்துக்கிட்டே வந்தா அந்தச் சரிவு ஒரு காரணம். பகல்ல மண் ஓரம் சமமா இருக்கிற இடத்துல அதுல இறங்கி நடங்க. மேலூர் - காரைக்குடி நாலுவழிச் சாலையில நிழலும் கடையும் அடிக்கடி இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க. முடிஞ்ச இடத்துல ஊருக்குள்ள போற பழைய ரோட்டைப் பிடிங்க.

நாய் குரைச்சா ஓடக் கூடாது. நில்லுங்க, கண்ணை உத்துப் பார்க்காம, கம்பைத் தாழ்த்தி முன்னாடி பிடிச்சுக்கிட்டு மெல்ல நகருங்க. கடிச்சா, நகம் கீறினாக்கூட, ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே தடுப்பூசி. "ஊருக்குத்தான் போறோமே, அங்கே போய்ப் பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போடக் கூடாது.

*

ஊருணி ஆச்சி எழுதியது:

நல்லா எழுதியிருக்கீங்க தம்பிகளா. தண்ணி விஷயம் விட்டுப்போச்சு.

வெறுந்தண்ணியை மடக் மடக்குனு குடிச்சுட்டே நடந்தா உப்பு கரைஞ்சு தலைசுத்தலும் வாந்தியும் வரும். தாகத்துக்குத் தக்கபடி குடிங்க, நடுநடுவே உப்பு சேரட்டும். உப்புக்கரைசல் பொட்டலம் ஒண்ணுக்கு, அதுல போட்டிருக்கிற அளவுத் தண்ணி, பெரும்பாலும் ஒரு லிட்டர். அரை லிட்டர்ல கரைச்சுக் கெட்டியாக் குடிக்காதீங்க. பொட்டலம் இல்லைன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணளவுல உப்பைக் கூட்டிடாதீங்க. ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே மருத்துவர்கிட்ட அளவு கேட்டுக்கணும். ஒண்ணுக்குப் போறது வெளிர் மஞ்சளா இருந்தா சரி. அடர்ந்த மஞ்சள்னா தண்ணி பத்தலை. காப்பி நிறத்துல போனா நடையை அங்கேயே நிறுத்திட்டு மருத்துவமனைக்குப் போயிடணும், அது தசை சிதையுறதோட அடையாளமா இருக்கலாம்.

கடைசி நாள் காலையில வயிறு முட்டச் சாப்பிடாதீங்க. ரெண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், மணிக்கொரு தரம் கொஞ்சம் கடலை மிட்டாய். நீர்மோர் கிடைச்சா உப்புப் போட்டுக் குடிங்க.

தொடை இடுக்கு உரசலைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுட்டீங்க. வேர்வை காய்ஞ்சு உப்புப் பூத்த வேட்டி உப்புத்தாள் மாதிரி அறுக்கும். கிளம்பும்போதே வாசலின் தடவிக்குங்க, வேட்டிக்குள்ள முழங்கால் வரை ஒட்டின மாதிரி உள்ளாடை போடுங்க. பெண்களும் சேலைக்குள்ள அப்படியே. தோல் சிவந்த பிறகு பவுடர் போட்டா அது வேர்வையில கட்டியாகி இன்னும் உரசும்.

*

புதுநடை எழுதியது:

ஆச்சி, கட்டுத்துணி அண்ணே, வீடு சேர்ந்ததும் வென்னீர்ல காலை வைக்கலாமா? எங்க வீட்டில அண்டாவுல போட்டு வச்சிருப்பாங்க.

*

கட்டுத்துணி எழுதியது:

தம்பி, கொப்புளம், வெடிப்பு எதுவும் இல்லைன்னா வெதுவெதுப்பான தண்ணியில 10 நிமிஷம் வைக்கலாம். கொதிக்கிற சூடு வேண்டாம். கை முழங்கையால தொட்டுப் பாருங்க, மரத்த காலுக்குச் சூடு தெரியாது. தோல் திறந்திருந்தா ஊற வைக்காம, சோப்புத் தண்ணியில கழுவி ஒத்தி எடுத்துக் கட்டு மாத்துங்க.

வாசல் வந்ததும் தொப்னு உட்கார்ந்துடாதீங்க. தெருவிலேயே அஞ்சு நிமிஷம் மெதுவா நடந்துட்டு உள்ளே போங்க. அப்புறம் மல்லாந்து படுத்து, காலைச் சுவத்துல சாத்தியோ ரெண்டு தலையணை மேலேயோ 20 நிமிஷம். மறுநாள் முழுக்கப் படுத்தே இருக்காம, வீட்டுக்குள்ளேயே நடமாடுங்க. ரெண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினா பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல வடிஞ்சுடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடா, அமுக்கினா வலிச்சா எண்ணெய் போட்டு நீவ விடாதீங்க. ரத்தம் உறைஞ்சிருக்கலாம், அன்னைக்கே மருத்துவமனை. அதோட மூச்சு வாங்கினா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம 108-க்குக் கூப்பிடணும்.