ஐப்பசி மழையில் பிரசவம்: டயப்பரா, துணியா? குளிப்பாட்ட என்ன வாங்குவது?

கேள்வி: திற்பரப்பிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இது முதல் பிரசவம். ஐப்பசி கடைசியில் தேதி சொல்லியிருக்கிறார்கள், தக்கலை அரசு ஆஸ்பத்திரியில். இப்போது அம்மா வீட்டில், திற்பரப்பில் இருக்கிறேன். அவர் மஸ்கட்டில். பிள்ளை பிறந்து ஒரு மாதம் கழித்துத்தான் லீவு கிடைக்கும்.

நேற்று மார்த்தாண்டம் போய், குழந்தைச் சாமான் விற்கும் ஒரு கடையில் அரை மணி நேரம் நின்றுவிட்டு ஒன்றும் வாங்காமலே திரும்பி வந்தேன். ஒட்டுகிற டயப்பர், ஜட்டி மாதிரி மாட்டுகிற டயப்பர், துவைத்துப் போடும் துணி டயப்பர், வைப்ஸ், பவுடர், லோஷன், மூன்று வகை எண்ணெய், டப், டப்புக்குள் வைக்கும் வலை. முதல் மாதத்துக்கு இதில் எது தேவை என்று பிடிபடவே இல்லை.

அப்பாவின் பழைய நாலு டபுள் வேட்டி பெட்டியில் இருக்கிறது, கிழித்தால் போதும் என்கிறாள் அம்மா. டயப்பர் போட்டால் பிள்ளைக்குக் கால் வளைந்துவிடும் என்று மாமியார் போனில் பயப்படுகிறார். டயப்பர் இல்லாமல் ராத்திரி கண்ணை மூட முடியாது என்கிறாள் மயினி. மூன்று பேருக்கும் என்மேல் அக்கறைதான். ஆனால் ஐப்பசியில் எங்கள் முற்றத்தில் ஒரு துண்டு காய இரண்டு நாள் ஆகும். சுற்றிலும் ரப்பர் மரம், வெயில் தரையில் விழாது.

குளிப்பாட்ட கமுகம் பாளையே (பாக்குமரத்து மட்டையின் அகன்ற அடிப்பகுதி) நல்லது என்றும் அம்மா சொல்கிறாள். என்னையும் தம்பியையும் அதில் கிடத்தித்தான் குளிப்பாட்டினாளாம். டப் வாங்கணுமா, வேண்டாமா? மழைக்காலத்தில் பிள்ளை பெற்றவர்கள் சொல்லுங்கள்.

பதில்: திங்கள்சந்தை, இரண்டு பிள்ளைகளின் அம்மா

தங்கச்சி, என் மூத்தவள் ஆனிச் சாரலில் பிறந்தாள், இளையவன் கார்த்திகையில். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். பகலில் துணி கட்டு. ராத்திரிக்கும் ஆஸ்பத்திரிப் போக்குவரத்துக்கும் டயப்பர் போடு. கையில் உள்ள காசைப் பாட்டில்களில் போடாமல், துணி காயவைக்கிற வழிக்குச் செலவு பண்ணு.

வேட்டித் துணி நல்லதுதான், ஆனால் டபுள் வேட்டியை மடித்துக் கட்டினால் மழையில் நடுமடிப்பு காயாது. அதைவிடத் துவர்த்து வாங்கு. நம்ம சாதாரண மெல்லிய வெள்ளைத் துண்டுதான். ஒன்றை இரண்டாகக் கிழித்தால் இரண்டு கட்டுத்துணி. புதுத் துவர்த்தில் கஞ்சி இருக்கும், தண்ணீர் விட்டால் மேலேயே உருண்டு ஓடும். ஒரு ராத்திரி ஊறவைத்து, மூன்று தடவை அலசிக் காயப்போட்டால்தான் ஈரம் குடிக்க ஆரம்பிக்கும். பத்து தடவை துவைத்த பிறகு கன்னத்தில் வைத்துப் பார், பிள்ளையின் தோல் மாதிரியே இருக்கும். அதனால் இப்போதே வாங்கித் துவைக்கத் தொடங்கு. பிறந்த பிள்ளை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி நனைக்கும். காய மூன்று நாள் ஆகும் என்று கணக்குப் போட்டால் முப்பது துணியாவது வேண்டும்.

காயப்போட நான் முதலில் அடுக்களையில் விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டினேன். சீக்கிரம் காய்ந்தது, ஆனால் எல்லாத் துணியிலும் புகை வாடை. பிள்ளையின் மூக்குக்குக் கிட்டே அது கூடாது. அப்புறம் அறைக்குள் கயிறு கட்டி ஃபேன் போட்டேன். முக்கால்வாசி காய்ந்ததும் இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய்ப்பு. ஈரமும் போகும், துணியும் இளகும். இரண்டு வாரம் கழித்து என் வீட்டுக்காரர் மடக்கு ஸ்டாண்டு ஒன்று வாங்கிவந்தார். அந்த மழைக்காலத்தில் எங்களுக்கு அதிகம் உதவிய சாமான் அதுதான்.

டயப்பரில் முதல் மாதத்துக்கு ஒட்டுகிற வகையே வாங்கு. தொப்புள் காயும்வரை முன்பக்கத்தைக் கீழே மடித்து ஒட்டலாம். ஜட்டி மாதிரி உள்ளதைக் காலைத் தூக்கி மாட்டி இறக்குவதற்குள் பிள்ளை அழுது ஓய்ந்துவிடும். சின்ன சைஸ் ஒரே ஒரு பாக்கெட் போதும், பிள்ளை அதற்குள் வளர்ந்துவிடும். நடுவில் ஒரு மஞ்சள் கோடு இருக்கும், நனைந்தால் நீலமாகும்.

அந்தக் கோட்டை நம்பித்தான் நான் தப்புப் பண்ணினேன். மூத்தவளுக்கு மூன்றாவது வாரம். ராத்திரி பத்து மணிக்குப் போட்ட டயப்பரை அசதியில் விடிகாலை ஐந்துக்குத்தான் அவிழ்த்தேன். வாசனை வைப்ஸால் துடைக்கவும் செய்தேன். இடுப்பு மடிப்பு இரண்டும் சுட்ட மாதிரி சிவந்திருந்தது. தண்ணீர் பட்டதும் அவள் உடம்பை விறைத்துக்கொண்டு அழுத அழுகை இன்றைக்கும் காதில் இருக்கிறது. அன்றைக்கே வைப்ஸை நிறுத்திவிட்டேன். வெந்நீரில் பஞ்சை நனைத்து ஒற்றி, துவர்த்தால் ஈரம் எடுத்து, ஒன்றும் கட்டாமல் கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, துத்தநாக ஆக்சைடு க்ரீம் தடவினோம். நாலு நாளில் ஆறியது. அதன் பிறகு ராத்திரி பால் கொடுக்க எழும்பும்போதெல்லாம் கை வைத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

அரசு ஆஸ்பத்திரியில்தானே பிரசவம்? குழந்தைகளுக்கான பரிசுப் பெட்டகம் பற்றிக் கேள். 2015இல் அது தொடங்கியபோது துண்டு, நாப்கின், கொசுவலை, சோப்பு, எண்ணெய், நகவெட்டி என்று 16 பொருள்கள் இருந்தன. அது கைக்கு வந்த பிறகு மிச்சத்தை வாங்கு.

பதில்: குளச்சல், ஒரு அப்பா

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் ஊரில் நின்ற 40 நாளும் பிள்ளையின் துணியை நான்தான் துவைத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது என்று நிறையப் போட்டோம், துணி அப்பளம் மாதிரி விறைத்தது, பிள்ளைக்குப் பொரிப்பொரியாக வந்தது. சோப்பைப் பாதியாக்கி, கடைசி அலசலுக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்த பிறகு சரியானது. திற்பரப்பில் தண்ணீர் நல்லது, உங்களுக்கு இந்தப் பாடு இருக்காது. கிருமிநாசினியும் வாசனைத் திரவமும் கடைசித் தண்ணீரில் ஊற்றாதீர்கள், துணியிலேயே தங்கிவிடும்.

இன்னொன்று, பயன்படுத்திய டயப்பர். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, பேப்பரில் சுற்றி, குப்பை எடுக்க வருகிறவர்களிடம் தனியாகக் கொடுங்கள். டயப்பரைச் சுற்றித்தான் கொடுக்கணும் என்று திடக்கழிவு விதியும் சொல்கிறது. பட்டணங்கால் சானலில் டயப்பர் ஊதி மிதப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் ஆட்கள் குளிக்கிறார்கள்.

பதில்: ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், தோவாளை

மக்களே, முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து பார். அப்பாவின் வேட்டியோடு பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறீர்களா? அந்த வாடையுள்ள துணியைப் பிள்ளைக்குக் கட்டாதே. பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அந்த வாடையாலேயே ரத்த அணு உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம். அந்தக் குறை நம் பிள்ளைக்கு இருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. அதனால் பிள்ளைத் துணி வைக்கிற இடத்தில் உருண்டையே வேண்டாம்.

மாமியாரிடம் சொல், டயப்பரால் கால் வளையாது. வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்ததால் எல்லாப் பிள்ளைக்கும் கால் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். நடக்கத் தொடங்கிய பிறகு மெல்ல நிமிரும்.

பிறந்து 24 மணி நேரம் கழியும்வரை குளிப்பாட்ட வேண்டாம். தொப்புள் விழும்வரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். தொப்புளில் சாம்பல், மஞ்சள், பவுடர் எதுவும் வைக்காதே, உலர்ந்து கிடந்தால் தானே விழும். பிறகு குளிப்பாட்டும்போது முழங்கையை விட்டுப் பார், வெதுவெதுப்பாக இருக்கணும், சுடக் கூடாது. ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடு, ஜன்னலைச் சாத்து. தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெய் வீட்டில் இருந்தால் அதையே உடம்புக்குத் தடவு, வேறு எண்ணெய் வேண்டாம். காதிலும் மூக்கிலும் மட்டும் ஊற்றவிடாதே. குளிப்பாட்ட வரும் பாட்டி எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இதில் நீ உறுதியாக நில். சளி எடுக்கிறேன் என்று மூக்கில் ஊதுவதும், பிள்ளையின் மார்பைப் பிதுக்குவதும் கூடாது. பவுடர் வாங்கவே வாங்காதே, தூசி மூச்சுக்குள் போகும். பயத்தம் மாவு புதுத்தோலை உராயும், ஒரு வயது ஆகட்டும்.

பெண் பிள்ளை என்றால் முன்னிருந்து பின்னாகத் துடைக்கணும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகணும். துணி கட்டினால் எண்ணுவது எளிது. மடிப்புக்குள்ளே அடர்ந்த சிவப்பு, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளி என்று கண்டால் அது காளான் தொற்று. மருந்துக்கடையில் கேட்டு ஏதாவது க்ரீம் தடவாதே, பலதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். டாக்டரிடம் காட்டு.

பாளையைப் பற்றிக் கேட்டாயே. தாராளமாகப் பயன்படுத்தலாம். பிள்ளையின் உடம்புக்கு வளைந்து கொடுக்கும், தண்ணீரும் தேங்காது.

திற்பரப்பு

அம்மா, அக்கா, அண்ணன், மூவருக்கும் நன்றி. படித்த உடனே பெட்டியைத் திறந்தேன். ஐந்து உருண்டை இருந்தது. வேட்டிகளை அப்பாவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டோம். நாளைக்கு குலசேகரம் சந்தையில் பதினைந்து துவர்த்து வாங்கப் போகிறோம். மடக்கு ஸ்டாண்டுக்கு அவர் பணம் அனுப்புகிறார். டப் வாங்கவில்லை. பின்வீட்டு கமுகில் ஒரு பாளை விழுந்து கிடந்தது, அம்மா எடுத்துக் கழுவி வைத்திருக்கிறாள். காய்ந்தால் ஓரம் கையைக் கீறுகிறதே, என்ன செய்யலாம்?

தோவாளை

ஓரத்தை இரண்டு விரல் அகலம் கத்தரித்துவிட்டு, குளிப்பாட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னால் தண்ணீரில் போட்டு வை மக்களே, இளகிவிடும். உள்பக்கம் கரும்புள்ளி விழுந்தால் பூசணம், தூரப் போட்டுவிட்டு வேறு எடு. ஐப்பசியில் வாரம் ஒன்று மாற்ற வேண்டியிருக்கும், இப்போதே நாலு சேர்த்து வை.