பீலிக்கு கட்டர் கார்ட் போட்டால் பேஸ்மென்ற் ஈரம் நிற்குமா?

மழைக்காலம்:

வணக்கம் உறவுகளே. வீடு ரொறன்ரோ ஸ்காபரோவில், அறுபதுகளில் கட்டின செங்கல் பங்களோ. கூரை ஷிங்கிள் (தார் பூசின கூரைத் துண்டுகள்), சரிவு 12 அங்குலத்துக்கு 4 அங்குலம். கூரை விளிம்பில் மழைத்தண்ணி ஏந்தும் பீலி 5 அங்குல அலுமினியம், எல்லாமாக 110 அடி. பின்பக்கம் ஒரு அறையை நீட்டிக் கட்டினதால் கூரை அந்த இடத்தில் ‘எல்’ மாதிரித் திரும்புகிறது. பின்பக்கப் பீலி 42 அடி, அதற்குத் தண்ணியைக் கீழே இறக்கும் டவுன்ஸ்பவுட் குழாய் ஒரேயொன்று, 2×3 அங்குலம். வளவுக்குள் பெரிய சில்வர் மேப்பிள் ஒன்று, பக்கத்து வளவில் ஸ்ப்ரூஸ் இரண்டு.

பெருமழைக்கு அந்த எல் மூலையில் பீலிக்கு மேலால் தண்ணி பாய்கிறது. நேர் கீழே பேஸ்மென்ற் சுவரில் ஒரு அடி உயரத்துக்கு ஈரம், வெள்ளையாக உப்பும் பூக்கிறது. வந்து பார்த்த ஒரு கொம்பனி, மைக்ரோ மெஷ் கார்ட் (பீலியை மூடும் நுண்வலை) போட்டால் எல்லாம் சரியாகிவிடும், அடிக்கு 27 டொலர், இன்றைக்கே கையெழுத்து வைத்தால் 20 வீதம் கழிவு என்கிறது. நானே போடுவதென்றால் எதை வாங்குவது, எப்படிப் போடுவது? ஈரம் நிற்குமா?

தகரவேலை:

தம்பி, இப்ப காசை வெளியில எடுக்காதேங்கோ. கட்டர் கார்ட் இலையைத்தான் மறிக்கும், தண்ணியை வீட்டை விட்டுத் தூரக் கொண்டுபோகாது. மூலையில் பாயிறது அடைப்பாலயா, பீலி தாங்காமலா எண்டு முதல் பிரிச்சுப் பாக்கவேணும். பீலியை முழுக்க வழிச்சுத் துப்புரவாக்கி, ஹோஸ் விட்டு டவுன்ஸ்பவுட்டும் தடையில்லாமல் ஓடுதெண்டு பாத்துப்போட்டு, அடுத்த பெருமழைக்கு மூலையைக் கவனியுங்கோ. அப்பவும் பாய்ஞ்சால் குற்றம் இலையில இல்லை. அந்த நிலையில மெஷ் போட்டால் இன்னும் மோசம். ரெண்டு கூரைத் தண்ணியும் அவை சந்திக்கிற பள்ளத்தால சேர்ந்து வேகமாய் வந்து மெஷ்ஷுக்கு மேலால வழுக்கிப் போயிடும்.

கணக்கைப் பாருங்கோ. ஒரு சதுர மீட்டரில 1 மி.மீ. மழை எண்டால் 1 லீட்டர். உங்கடை பின்கூரை 65 சதுர மீட்டர் எண்டு வைப்பம், அதாவது 700 சதுர அடி. 2024 ஜூலை 16 பியர்சன் விமான நிலையத்தில் கிட்டத்தட்ட 98 மி.மீ. பெய்தது. அப்பிடி ஒரு நாளில 6,300 லீட்டருக்கு மேல அந்த ஒரு குழாயால இறங்கவேணும். தொழிலில பாவிக்கிற தோராயக் கணக்கு 2×3 குழாய்க்கு 600 சதுர அடி, 3×4 குழாய்க்கு 1,200 சதுர அடி. நீங்கள் ஏற்கெனவே எல்லையைத் தாண்டியிட்டியள். 5 அங்குலப் பீலி போதும், குழாய்தான் காணாது. 3×4 ஆக்கேக்க பீலி அடியில இருக்கிற வாயையும் பெருசாய் வெட்டி 3×4 அவுட்லெட் பூட்டுங்கோ. சின்ன வாயைப் பழையபடி விட்டுட்டு அகலக் குழாயை மாத்திரம் மாட்டினால் ஒரு பிரயோசனமும் இல்லை.

பீலியின்ரை வாட்டம் (சரிவு) 10 அடிக்கு கால் அங்குலம். 42 அடிக்கு ஒரு பக்கமாய் எண்டால் ஏறக்குறைய ஒரு அங்குலம் இறங்கவேணும். மற்ற முனையிலும் ஒரு குழாய் வைக்க இடமிருந்தால் நடுவை உயர்த்தி ரெண்டு பக்கமும் அரை அரை அங்குலம் இறக்கலாம், அது இன்னும் நல்லது. எல் மூலைக்கு, பீலியின் முன் விளிம்பில பூட்டுற அலுமினியச் சாய்ப்புத் தடுப்பு விற்கிறாங்கள், ஸ்பிளாஷ் கார்ட் எண்டு கேளுங்கோ. ரெண்டு மூண்டு ஸ்க்ரூவோட வேலை முடிஞ்சுது.

இனி நிலம். ரொறன்ரோவில டவுன்ஸ்பவுட்டை நிலத்துக்குக் கீழ சாக்கடைக் குழாயோட விடக்கூடாதெண்டு மாநகரசபைச் சட்டம் இருக்கு. கனபேர் குழாயை வெட்டி, ஒரு எல்போவை மாட்டி, சுவர் காலடியிலேயே விட்டுட்டினம். உங்கடை ஈரத்துக்கு அதுவும் ஒரு காரணமாய் இருக்கும். நீட்டுக்குழாய் போட்டு சுவரில இருந்து 2 மீட்டர் தள்ளி விடுங்கோ, அதுவும் பக்கத்து வளவுக்கோ நடைபாதைக்கோ போகாமல். வெட்டின பழைய நிலக்குழாயின்ரை வாயை மூடியும் விடுங்கோ. சுவரைச் சுத்தி மண் அடிக்கு ஒரு அங்குலமாவது வெளிப்பக்கம் சரியவேணும். பூப்பாத்தி சுவரோட பள்ளமாய் இருந்தால் அதை முதலில நிரப்புங்கோ.

கடைசியாய், பீலிக்குப் பின்னால பாருங்கோ. ஷிங்கிள் விளிம்புக்குக் கீழ டிரிப் எட்ஜ் தகடு இல்லாட்டி தண்ணி பீலிக்குள்ள விழாமல் பின்பக்கமாய் ஊர்ந்து, பீலி பூட்டியிருக்கிற ஃபாசியா பலகையை உக்கவைக்கும். எங்கடை வீடுகளில பலகைக்கு மேல அலுமினியம் சுத்தியிருக்கிறதால உக்கினது வெளியில தெரியாது. சொஃபிட்டில (கூரை விளிம்பின்ரை அடிப்பக்கம்) பழுப்புக் கோடு தெரிஞ்சால், தகட்டை ஒரு இடத்தில கழட்டி ஸ்க்ரூட்ரைவரால குத்திப் பாருங்கோ. மெத்தெண்டு இறங்கினால் பீலி ஸ்க்ரூ பிடிச்சு நிக்காது, கார்ட்டைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

ஏணிப்படி:

மேலே சொன்னது முடிந்த பிறகு கார்ட் பற்றி. எது நல்லது என்பதை மரம்தான் தீர்மானிக்கும்.

பீலிக்குள் அடைக்கும் ஸ்பொன்ச் வகை வேண்டவே வேண்டாம். சில்வர் மேப்பிள் விதை விழுந்த கையோடு முளைக்கிற சாதி, ஸ்பொன்ச்சில் கன்று வளர்ப்பீர்கள். பிளாஸ்டிக் வலை வெயிலில் நொறுங்கி, பனிப் பாரத்தில் பீலிக்குள் விழும். துளையிட்ட அலுமினியத் தகடு பெரிய இலைக்கு நல்லது, விலையும் மலிவு. ஆனால் மேப்பிள் விதையின் முனை துளைக்குள் செருகி, இறக்கை மேலே நிமிர்ந்து நிற்கும். இரண்டு கிழமையில் முழு வரிசையும் தாடி வளர்த்த மாதிரி இருக்கும். ஸ்ப்ரூஸ் ஊசியோ அந்தத் துளையால் நேராக உள்ளே போய்விடும். வளைந்த மூடி வகையும் இருக்கிறது, வேகமாக வரும் தண்ணி அதில் வெளியே தாவிவிடும். உங்கள் இரண்டு மரத்துக்கும் பொருந்துவது அலுமினியச் சட்டத்தில் பதித்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மைக்ரோ மெஷ்தான். அதுவும் பராமரிப்பு இல்லாத சாமான் அல்ல. ஷிங்கிள் மணலும் மகரந்தமும் படிந்து படலமாகும், வருடம் ஒருமுறை மெல்லிய தூரிகையால் தேய்த்து ஹோஸ் அடிக்க வேண்டும். இன்னொன்று: ஷிங்கிள் ஓரம் சுருண்டு கூரை மாற்றும் காலம் கிட்டிவிட்டால், கூரையை முடித்துவிட்டுத்தான் மெஷ்.

வாங்குவதற்கு: மெஷ் பெரும்பாலும் 4 அடித் துண்டாக வரும். 110 அடிக்கு 28 துண்டு, மூலை வெட்டுக்கு இரண்டு சேர்த்து 30. 8ஆம் நம்பர், அரை அங்குல அறுகோணத் தலை ஸ்க்ரூ, துண்டுக்கு மூன்று வீதம் 90, கீழே விழுவதையும் சேர்த்து 100 பெட்டி. பீலியைப் பலகையோடு பிடிக்கும் மறைவுக் கொக்கி 18 அங்குலத்துக்கு ஒன்று என்றால் 75 வரை தேவை. பழைய வீட்டில் நீள ஆணி அடித்திருந்தால் அதை உருவிவிட்டு இந்தக் கொக்கியைப் போடுங்கள், ஆணி ஒவ்வொரு பனிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். பீலிக்கென்றே விற்கும் சீலன்ட் 2 ட்யூப் (குளியலறைச் சிலிக்கனை வைத்து ஒப்பேற்ற வேண்டாம்), இடம் வலம் வெட்டும் ஸ்னிப்ஸ் (தகரக் கத்தரி) ஒவ்வொன்று, கால் அங்குல நட் டிரைவர், தடித்த கையுறை. வெட்டின மெஷ் விளிம்பு கையைக் கிழிக்கும்.

ஏணியைப் பீலியில் சாய்க்காதீர்கள், அலுமினியம் நசியும், ஏணியும் வழுக்கும். ஸ்டான்ட்-ஓஃப் தாங்கி மாட்டி, சுவரிலோ கூரையிலோ தாங்க வையுங்கள். 4 அடி உயரத்துக்கு 1 அடி வெளியே. மின்கம்பி வீட்டுக்கு வந்து இணையும் இடத்தில் 3 மீட்டருக்குள் அலுமினிய ஏணி போகக்கூடாது.

பீலியைக் கழுவிக் காயவிட்டு, மூட்டுக்களின் உட்பக்கம் சீலன்ட் பூசுங்கள். ஈரத்தில் பூசினால் அடுத்த பனிக்கே உரியும். டவுன்ஸ்பவுட் வாய் இருக்கும் இடத்தில் ஒரு முழுத் துண்டு வருகிற மாதிரி அளந்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் போங்கள். மூட்டு வாய்க்கு மேல் வரக்கூடாது. துண்டின் பின்விளிம்பு டிரிப் எட்ஜுக்குக் கீழே போகவேண்டும், முன்விளிம்பு பீலியின் முன் உதட்டில் ஸ்க்ரூ. மேற்பரப்பு முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், சமதளமாக இருந்தால் குப்பை அதிலேயே தங்கும்.

பலர் சறுக்குவது பின்விளிம்பில். பின்விளிம்பை ஷிங்கிளுக்குக் கீழே திணிப்பார்கள். ஷிங்கிளின் அடியில் இருக்கும் ஒட்டுப்பட்டை அப்போது பிய்ந்துவிடும், காற்றுக்கு ஷிங்கிள் கிளம்பும், கூரை உத்தரவாதமும் போகலாம். அதோடு விளிம்பு சற்றுத் தூக்கலாக நின்று தண்ணியைப் பின்னுக்குத் திருப்பிவிடும்.

துண்டுகளுக்கு இடையில் இடைவெளி விடாமல் நெருக்கி வையுங்கள். கடைசி முனையில் ஒரு அங்குலம் கீழே மடித்து மூடாவிட்டால் குருவியும் குளவியும் குடிவரும். எல் மூலையில் இரண்டு துண்டையும் 45 பாகையில் வெட்டிச் சேர்க்க வேண்டும். அளவு தவறினால் பெரிய ஓட்டை விழுவது அங்கேதான், எனவே முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள்.

வெள்ளவத்தை_மார்க்கம்:

ஏணிப்படி அண்ணை சொன்ன முறை சரி, ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடில்லை. இது ஒற்றை மாடி. பீலி 9, 10 அடி உயரத்தில் இருக்கிறது. மேப்பிள் விதை கொட்டி முடிந்த ஜூனில் ஒருமுறை, இலை முழுக்க விழுந்த நவம்பர் கடைசியில் ஒருமுறை பீலியை வழித்தாலே போதும். மெஷ் போட்டபிறகு உள்ளே சேறு சேர்ந்தால் அதைப் பார்க்கவும் முடியாது, கழற்றாமல் வழிக்கவும் முடியாது. இரண்டு மாடி வீடு, ஏணி ஏற ஆளில்லாத வீடு என்றால் நானும் மெஷ்தான் சொல்வேன். இந்த வீட்டில் பின்பக்கத்துக்கு மட்டும் போட்டுப் பாருங்கள், 42 அடிக்கு 11 துண்டு. முன்பக்கத்தை அடுத்த வருடம் யோசிக்கலாம்.

அந்தக் கொம்பனியின் விலை 110 அடிக்கு 2,970 டொலர், கழிவு போக 2,376. அந்தக் காசில் இரண்டு 3×4 குழாய், நீட்டுக்குழாய், மண் நிரவல் எல்லாம் செய்யலாம். ஈரத்தைக் குறைப்பது அவைதான். அவர்களிடமே செய்விப்பதாக இருந்தால் உத்தரவாதப் பத்திரத்தை வாசியுங்கள். ‘பீலி அடைக்காது’ என்றுதான் எழுதியிருப்பார்கள், ‘வழியாது’ என்று இராது. எல் மூலைக்கு என்ன செய்வீர்கள், டிரிப் எட்ஜ் இல்லாவிட்டால் போடுவீர்களா என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒன்ராறியோவில் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட 50 டொலருக்கு மேலான ஒப்பந்தத்தை, பிரதி கையில் கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ‘இன்றைக்கே’ என்று நெருக்குவதே அந்தப் பத்து நாளை நீங்கள் மறக்கத்தான்.

மழைக்காலம்:

மூவருக்கும் நன்றி. ஃபாசியாத் தகட்டைக் கழற்றிக் குத்திப் பார்த்தேன், எல் மூலையில் ஸ்க்ரூட்ரைவர் அரை அங்குலம் இறங்குகிறது. இரண்டு பக்கமும் 3 அடி தள்ளிப் பலகை நல்ல உறுதி. டிரிப் எட்ஜ் இல்லை. மற்றது, மெஷ் போட்டால் மாரியில் பனிக்கட்டி தொங்கும் என்கிறார்களே, உண்மையா?

தகரவேலை:

அப்ப பலகைதான் முதல் வேலை. அந்தப் பகுதிப் பீலியைக் கழட்டி, உக்கின இடத்தைத் தாண்டி நல்ல மரம் வரைக்கும் வெட்டுங்கோ. வெட்டு ராஃப்டர் (கூரைச் சட்டம்) முனையின் நடுவில விழவேணும், அப்பத்தான் பழைய பலகைக்கும் புதுசுக்கும் ஆணி பிடிக்க இடமிருக்கும். ராஃப்டர் முனையையும் குத்திப் பாருங்கோ. அது உக்கியிருந்தால் பக்கத்தில 2×4 துண்டு சேர்த்து அடிக்கவேணும். புதுப் பலகை பழையதின்ரை அதே தடிப்பு, எல்லாப் பக்கமும் பிரைமர் பூசி. டிரிப் எட்ஜ் பின்பக்கம் முழுக்க, முதல் வரிசை ஷிங்கிளுக்குக் கீழ. ஷிங்கிளைத் தூக்கிறது இந்த ஒரு வேலைக்குத்தான், அதுவும் வெயில் ஏறி ஷிங்கிள் இளகின நேரம் தட்டைச் சட்டுவத்தால மெதுவாய். முடிஞ்சதும் ஒவ்வொண்டுக்கும் கீழ கூரைச் சிமென்ற் ரெண்டு பொட்டு வைச்சு அமத்திவிடுங்கோ.

பனிக்கட்டிக் கேள்விக்கு: கூரை விளிம்பில கட்டி அணை கட்டுறதுக்குக் காரணம் அற்றிக்கால (கூரைக்குக் கீழ இருக்கிற வெளி) வெளியேறுற சூடு. மேல பனி உருகி, குளிர்ந்த விளிம்பில திரும்ப உறையுது. மெஷ் அதை உண்டாக்கவும் மாட்டுது, தடுக்கவும் மாட்டுது. ஆனால் மெஷ் மேற்பரப்பு உறைஞ்சால் உருகிற தண்ணி பீலிக்குள்ள போகாமல் முன்பக்கத்தால வடிஞ்சு தொங்கும், கீழ படி இருந்தால் அது கண்ணாடியாய் வழுக்கும். அதாலதான் வாசலுக்கு மேல மெஷ் போடவேண்டாம் எண்டு சொல்லுறன். அற்றிக்கின்ரை வெப்பக் காப்பை ஆர்-60 அளவுக்குக் (காப்புத்திறன் அளவு) கொண்டுவாங்கோ, சொஃபிட் காற்றுவழியைக் காப்புப் பஞ்சு மூடாமல் பாஃபிள் எண்ட தடுப்பு வையுங்கோ, குளியலறை விசிறிக் குழாய் அற்றிக்குள்ள முடியுதா எண்டும் பாருங்கோ. கட்டியைச் சுத்தியலால உடைக்க வெளிக்கிட்டால் பீலியும் சேர்ந்து வரும்.

பலகை வேலைக்கு ஒக்டோபர் தாண்ட விடாதேங்கோ. குளிரில ஷிங்கிள் வளையாது, வெடிக்கும்.